எங்கள் வெயிலுக்குத் தனிக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சித்திரை பிறந்தால் போதும், ‘புதுச்சேரியில் வெயில் இயல்பைவிட ஒரு டிகிரி அதிகம்’ என்று பத்திரிகைகளில் நாலு வரிச் செய்தி வந்துவிடுகிறது. ‘ஒரு டிகிரிதானே, எங்க காலத்துல இல்லாத வெயிலா?’ என்று டீக்கடையில் பேசுகிறார்கள். டீக்கடைப் பேச்சோடு போனால் பரவாயில்லை. திட்டம் போடுகிற மேசைகளிலும் இதே நினைப்புதான் இருப்பதாகத் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இயல்பு என்று வானிலைத் துறை சொல்வது 30 ஆண்டுகளின் சராசரியை. சில ஆண்டுகளுக்கு முன்புவரை 1981 முதல் 2010 வரையிலான சராசரியை வைத்திருந்தார்கள். இப்போது 1991 முதல் 2020 வரை. எண்பதுகள் வெளியே போய், சூடேறிய கடைசிப் பத்தாண்டு உள்ளே வந்துவிட்டது. உலகம் முழுக்க இதுதான் வழக்கம், இதில் சூது எதுவும் இல்லை. நாளைக்குக் குடை எடுக்கலாமா என்று பார்ப்பதற்கு அது போதும். ஆனால் நம் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று கேட்பவருக்கு அந்த ஒரு டிகிரி பாதிக் கணக்குதான். ஏற்கெனவே ஏறிவிட்ட சூட்டுக்கு மேலே ஏறிய மிச்சம் மட்டுமே அதில் இருக்கிறது.

அடுத்தது, யாருடைய கணக்கு என்ற கேள்வி. புதுச்சேரி யூனியன் பிரதேசம் 490 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே இடத்தில் இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் சோழமண்டலக் கரையில், ஏனாம் கோதாவரி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், மாஹே அரபிக்கடல் ஓரத்தில். வானிலைத் துறையின் உட்கோட்டப் பிரிவில் நமக்கென்று தனி இடம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டோடு, ஏனாம் கடலோர ஆந்திரத்தோடு, மாஹே கேரளத்தோடு. வேலூர், திருத்தணி, மதுரை வெயிலோடு நம் வெயிலும் ஒரே அறிக்கையில் போய்விடுகிறது. சரி, நான்கு ஊரையும் கூட்டி நான்கால் வகுத்துப் பிரதேசத்துக்கென்று ஓர் ஆண்டுச் சராசரி போட்டாலும் பயனில்லை. அந்த எண் எந்த ஊருக்கும் பொருந்தாது.

இதன் விளைவு வெப்ப அலை அறிவிப்பில் தெரியும். கடலோர ஊரில் பகல் வெப்பம் 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அதுவும் உட்கோட்டத்தில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள். கத்திரி வெயிலில் இயல்பே 36, 37 என்று இருக்கிற ஊரில் இது கிட்டத்தட்ட 41 டிகிரி ஆனால்தான் நடக்கும். இங்கே மதியத்துக்குள் கடற்காற்று வந்துவிட்டால் பாதரசம் அதற்கு மேல் ஏறாது. மேல்காற்று பலமாக அடித்து, கடற்காற்று தாமதமாகிற நாட்களில்தான் ஏறும். ஜூன் மாதத்தில் நம்மை வாட்டுவது அதுதான். 2023இல் வெயிலுக்காகப் பள்ளி திறப்பைத் தள்ளிவைத்ததும் ஜூனில்தான்.

ஆனால் கடற்காற்று வந்த நாளெல்லாம் நல்ல நாள் என்று சொல்ல முடியுமா? அது சூட்டைக் குறைத்துவிட்டு ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நிழலில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால், உடம்புக்கு அது ஏறத்தாழ 50 டிகிரிபோல இருக்கும் என்கிறது வெப்பக் குறியீட்டுக் கணக்கு. வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். பத்து மணிக்கெல்லாம் முந்தானை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும். ஐஸ் கட்டியை உடைத்துப் போடப் போட அது தண்ணீராகிக்கொண்டிருக்கும். கூடுதல் ஐஸுக்கான காசு அன்றைய லாபத்திலிருந்துதான் போகிறது. அன்றைக்கு அறிக்கையில் ‘வெப்ப அலை இல்லை’ என்றுதான் இருக்கும்.

இரவுக் கதை இன்னும் மோசம். 2024ஆம் ஆண்டு, 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வெப்பமான ஆண்டு. நாட்டின் ஆண்டுச் சராசரி இயல்பைவிட 0.65 டிகிரி அதிகம் என்று வானிலைத் துறை அறிவித்தது. அதைப் பிரித்துப் பார்த்தால், பகல் உச்சம் கூடியது 0.20 டிகிரி, இரவு கூடியது 0.90 டிகிரி. நான் பார்த்தவரை ஒரே ஒரு எண்ணைப் போட்டுவிட்டுச் செய்தி முடிந்துவிட்டது. நம்மைப் போன்ற கடலோரத்துக்கு இரவுதான் முக்கியம். 1951 முதல் 2015 வரை இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் மேல்மட்ட நீர் ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. சூடான கடலை ஒட்டிய ஊரில் ராத்திரி எப்படி ஆறும்? ஈரம் மிகுந்த காற்று நிலத்தின் சூட்டை மேலே போகவிடாது. பகலெல்லாம் வெந்த கான்கிரீட் விடிய விடிய அதைக் கக்குகிறது. முத்தியால்பேட்டையில் என் வீட்டு மேற்குச் சுவரை ராத்திரி பதினொரு மணிக்குத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கிறது. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. தூங்காமல் விடியும் சித்தாளும் கொத்தனாரும் மறுநாள் சாரத்தில் ஏறுகிறார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 மே மாதத்தில் சிக்னல்களில் பொதுப்பணித் துறை பச்சை வலைப் பந்தல் போட்டது; நாடே பாராட்டியது, நானும் அதன் கீழே நின்று பாராட்டியவன்தான். ஆனால் சிக்னலில் வண்டிக்காரர் நிற்பது ஒரு நிமிடம். அங்கிருந்து நாலு எட்டில் வெயிலில் உட்கார்ந்து நுங்கு வெட்டுகிறவர் இருப்பது நாள் முழுக்க. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த மரங்களின் நிழலை இன்னும் எத்தனையோ தெருக்கள் திரும்பப் பெறவில்லை. பக்கத்திலுள்ள தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணை போட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் நமக்கு அது மட்டும் போதாது. 41 டிகிரிக்குக் காத்திருக்கிற விதிமுறை இருக்கும்வரை 35 டிகிரிப் புழுக்கத்தில் சாய்கிறவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே நான்குக்கும் தனித்தனியாக ஆண்டுதோறும் வெப்பக் கணக்கு வெளியாக வேண்டும். பகலும் இரவும் தனித்தனியாக, ஈரப்பதத்தோடு, நகராத ஒரே பழைய அடிப்படையை வைத்து, தமிழில் (ஏனாமில் தெலுங்கில், மாஹேயில் மலையாளத்தில்). அதை ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். கட்டட வேலை நேரம், பள்ளி நேரம், எந்தத் தெருவில் முதலில் மரம் நடுவது, இவையெல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்து முடிவாக வேண்டும், மேசையில் இருப்பவரின் ஏ.சி. அறையைப் பார்த்து அல்ல.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நாளை முதல் உச்ச வெப்பத்துக்குப் பக்கத்திலேயே முந்தைய இரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் காலை ஈரப்பதத்தையும் அச்சிடுங்கள். இரண்டு வரி இடம்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.