“பார்த்துத்தானே வாங்கினீர்கள்?”

தண்டர்பேர்டு போன்ற க்ரூஸர் பைக்கை விருப்பம்போல் மாற்றியமைத்து ஓட்டிவிட்டு, தரகரின்றி நேரடியாக விற்கும் நம் இளைஞர்கள் ஒரு சொல்லை அரணாகப் பிடித்துக்கொள்கிறார்கள்: “உள்ளது உள்ளபடி தருகிறேன், பிறகு எதுவும் கேட்கக்கூடாது.” இந்நிபந்தனை மறுமையிலும் காக்கும் என எண்ணுகிறார்கள் போலும்!

ஷாஃபிஈ மத்ஹபில் இந்நிபந்தனை விற்பவரை விடுவிப்பது, கால்நடையில் அவரே அறியாத உட்குறையிலிருந்து மட்டுமே. பைக் ஆடுமாடன்று. ஹனஃபி மத்ஹபில் நிபந்தனை செல்லும். ஆயினும் அறிந்த குறையை மறைத்த பாவம் அங்கும் நீங்காது. மழையில் நனைந்த தானியத்தை மேலே வைக்காத வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் மதரஸாவில் பாடமாக நடத்துகிறோம். விபத்தில் வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்தி, புதுப் பெயின்ட் அடித்து, “நன்கு பராமரித்த வண்டி” என்பது அதனினும் வேறா?

மாற்றிய சைலன்சரும் இவ்வகையே. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு முரணான மாற்றத்தை அழகெனச் சொல்லி விலையேற்றினால், அபராதம் வாங்கியவர் தலையில்தானே விழும்?

உண்மையிலேயே பராமரித்தவருக்கு நாம் சொல்வது எளிது. சர்வீஸ் ரசீதுகளையும், கழற்றிவைத்த அசல் பாகங்களையும், வண்டி விழுந்த கதையையும் பேரத்துக்கு முன்பே எடுத்து வையுங்கள். விலையில் இரண்டாயிரம் குறைந்தால் குறையட்டும்.