யந்திரம் செய்த சோதனைக்குச் சாட்சி யார்?

பொடிகளை அளந்து கலக்கவும், உலையிலிட்டுச் சுடவும், வெந்து வந்ததை எக்ஸ் கதிரால் பரிசோதிக்கவும், பலிக்காவிடில் செய்முறையை மாற்றி மறுபடி முயலவும் வல்ல யந்திரக் கைகளும் கணினியும் கூடி, 17 நாட்கள் இடைவிடாது உழைத்து, கருதிய 58 புதிய சேர்மங்களில் 41ஐ உண்டாக்கிவிட்டன என்று, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தார் 2023 நவம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்ட செய்தி விஞ்ஞான உலகை வியப்பில் ஆழ்த்தியது.

வியப்பு அடங்குமுன்பே சந்தேகம் பிறந்தது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் ராபர்ட் பால்கிரேவும் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் லெஸ்லி ஷூப்பும் தம் சகாக்களோடு அந்த எக்ஸ் கதிர்ப் பதிவுகளைப் பரிசீலித்து, புதிய பொருள் ஒன்றேனும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று 2024இல் எழுதினர். வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் தத்தமக்குரிய ஸ்தானங்களில் ஒழுங்காக அமர்ந்திருக்கும் என்று கணினி முன்னரே கணித்திருந்தது. உலையின் உஷ்ணத்திலோ அவை ஒன்றன் இடத்தில் மற்றொன்றாகக் கலந்து அமர்வதுண்டு. அவ்வாறு கலந்தமைந்த, முன்பே அறியப்பட்ட பொருள்களையே யந்திரம் பல இடங்களில் புதியன என்று கருதிவிட்டது என்பது அவர்கள் வாதம். மனிதர் இன்னும் நுட்பமாகப் பகுத்தறிய முடியும் என்பதை ஆய்வுக்கூடத்தாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பொன்னை விற்பவனே உரைகல்லையும் தன் கையில் வைத்துக்கொண்டால் வாங்குபவனுக்கு நிச்சயம் ஏது? செய்ததும் தானே, வெற்றி என்று தீர்ப்புரைத்ததும் தானே என்ற நிலையில்தான் அங்கே பிழை புகுந்தது. களைப்பறியாத உழைப்பைக் குறைகூற நியாயமில்லை. மேலும், தம் பதிவுகளை ஆய்வுக்கூடத்தார் மறைக்காமல் வெளியிட்டிருந்ததனாலேயே பிறர் குறைகாண முடிந்தது என்பதை, அவர்களுக்குரிய பெருமையாகவே நான் கருதுகிறேன்.

யந்திரத்தின் முடிவை மனிதர் தனியே சரிபார்ப்பதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. வேல்ஸ் நாட்டின் அபரிஸ்த்வித் நகரில் ராஸ் கிங் குழுவினர் அமைத்த 'ஆதாம்' என்னும் யந்திரம், ஈஸ்டின் மரபணுக்களைப் பற்றித் தானே அனுமானம் செய்து தானே சோதித்தது. அதன் முடிவுகளை மனிதர் தம் கையால் தனியே சோதித்துப் பார்த்த பின்னரே 2009இல் உலகுக்கு அறிவித்தனர்.

ஆகவே, இத்தகைய ஆய்வுக்கூடங்களுக்குப் பொதுமக்கள் பணத்தை அளிக்கும் அரசாங்கங்கள், தோற்ற முயற்சிகள் உட்படச் சகல பதிவுகளும் வெளியாக வேண்டும் என்றும், 'கண்டுபிடித்தோம்' என்று அறிவிக்குமுன் தொடர்பில்லாத வேறொரு குழு அவற்றைச் சோதிக்க வேண்டும் என்றும் இப்போதே நிபந்தனை விதிக்க வேண்டும்.