கைகள் நம்முடையவை, மூலநிரல் யாருடையது?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம் வரை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சென்றோர் அறிவர்: சாலையோரமெங்கும் கம்பெனிப் பேருந்துகள், அவற்றில் இருபது வயதைச் சற்றே கடந்த முகங்கள், கழுத்தில் அடையாள அட்டை. ஒரகடம் சாலையில் திரும்பினாலும் இதே காட்சிதான். நம் மஹல்லாக்களின் பிள்ளைகளும் அப்பேருந்துகளில் இருக்கிறார்கள். “உலகமே வைத்திருக்கும் ஐபோன் என் பிள்ளை கையால் உருவாகிறது” என்று ஒரு தாய் சொல்லும்போது அந்தப் பெருமையைக் குறைத்துப் பேச நமக்கு மனமில்லை. ஹலாலான உழைப்பு, வீட்டுக்கு மாதந்தோறும் வந்து சேரும் ஊதியம். அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அந்தக் கருவிக்குள் இயங்குவது என்ன என்று பார்க்க அப்பிள்ளைக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை நம் சமுதாயத்தில் யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. எழுப்பினால், “அது நமக்கு எதற்கு?” என்ற பதில்தான் வருகிறது. அந்தப் பதிலோடுதான் நமக்குச் சண்டை.

அது எதற்கு என்பதற்கு அதே சாலையிலேயே சான்று உண்டு. நோக்கியா நிறுவனம் 2006இல் ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கிற்று. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கே நேரடியாகப் பணியாற்றினர். அவர்களில் பெரும்பகுதியினர் சுற்று மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை நின்றது. அடுத்த மாதமே, அதனை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் உற்பத்தியை நிறுத்திற்று.

“வரி வழக்கால் மூடினார்கள்” என்று இதனைச் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். எதற்கான வரி என்று கேட்டவர் குறைவு. 2013இல் வருமான வரித்துறை கோரிய 2,080 கோடி ரூபாய், கைப்பேசியின் உறைக்கோ பேட்டரிக்கோ உரியதன்று. இங்கே பூட்டப்பட்ட கைப்பேசிகளில் ஏற்றிய மென்பொருளுக்காக, பின்லாந்திலுள்ள தாய் நிறுவனத்துக்கு இந்திய நிறுவனம் ராயல்டி செலுத்தி வந்தது. அதில் வரி பிடித்தம் செய்யவில்லை என்பதே வழக்கு. நியாயம் எவர் பக்கம் என்பதற்குள் நாம் நுழையவில்லை. ஆலைக்குள் ஆயிரமாயிரம் கைகள் எட்டு மணி நேரம் உழைத்தன. வழக்கோ அக்கைகள் தொடாத, கண்ணுக்கும் தெரியாத ஒன்றைப் பற்றியதாக இருந்தது. இதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

வழக்குக்கு முந்திய கதையும் மென்பொருளைப் பற்றியதே. 2010 பிப்ரவரியில் இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து மீகோ என்ற இயங்குதளத்தை நோக்கியா அறிவித்தது. அது லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஓராண்டுதான் கடந்தது. 2011 பிப்ரவரி 11 அன்று, தன் ஸ்மார்ட்ஃபோன்கள் இனி மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் வழியே செல்லும் என்று நோக்கியா அறிவித்தது. 2013 செப்டம்பரில் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. 2014 ஏப்ரலில் தொழில் கைமாறியபோது, வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேரவில்லை. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்காக ஒப்பந்த அடிப்படையில் கைப்பேசி செய்து கொடுத்தது. ஒப்பந்தம் முடிந்தது, ஆலையும் முடிந்தது.

மீகோவோடு நின்றிருந்தால் ஆலை பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலும் உருவானவை எளிய பட்டன் ஃபோன்கள். சீனத்து மலிவு ஃபோன்களும் ஆண்ட்ராய்டும் அவற்றை எப்படியும் நெருக்கியிருக்கும். கட்டற்ற மென்பொருள் எல்லா நோய்க்கும் மருந்து என்று பேசுவோர் நம்மிடையே உண்டு. அவர்களோடும் நாம் உடன்படவில்லை. ஆனால் கைவிடப்பட்ட பின் மீகோவுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். அதன் மூலநிரல் திறந்திருந்ததால் ஆர்வலர்கள் எடுத்து ‘மெர்’ என்ற பெயரில் வளர்த்தனர். நோக்கியாவிலிருந்து வெளியேறிய பொறியாளர்கள் யோல்லா என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, அதன் மேல் செயில்ஃபிஷ் என்ற இயங்குதளத்தைக் கட்டினர். இன்டெலோ சாம்சங்குடன் சேர்ந்து 2011 செப்டம்பரில் டைசன் என்ற இன்னொரு லினக்ஸ் வழி இயங்குதளத்தைத் தொடங்கிற்று. 2015 முதல் சாம்சங்கின் ஸ்மார்ட் டிவிகளில் இயங்குவது அந்த டைசன்தான். சாம்சங் டிவிகள் செய்யும் ஆலை எங்கே இருக்கிறது? அதே ஸ்ரீபெரும்புதூரில்.

முதலாளி கைவிட்ட பின்னும் மென்பொருள் பிழைத்துக்கொண்டது. அதனை எழுதத் தெரிந்தவர்கள் வேறு வாசலைத் திறந்துகொண்டார்கள். பூட்ட மட்டுமே பழகிய பிள்ளைகள் விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இந்த வேறுபாடு ஒரு சமுதாயத்தின் கண்ணில் படவேண்டாமா?

நம் கண்ணில் படவில்லை என்பதற்கு நாமே சாட்சி. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு பிள்ளைகளுக்கு வழங்கிய கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய இயங்குதளம் அது, தமிழிலேயே இயக்கலாம். நாம் என்ன செய்தோம்? வீட்டுக்கு வந்த மறுநாளே கடைக்குத் தூக்கிச் சென்று, “இதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக் கொடுங்கள், பாய்” என்றோம். இருநூறு, முந்நூறு ரூபாயில் கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த ஃபோட்டோஷாப், கிராக் செய்த டேலி எல்லாம் ஏறின. இறைச்சிக் கடையில் அறுத்தவர் யார் என்று விசாரித்து வாங்கும் நாம், பிள்ளையின் மேசையில் இருப்பது எவ்வழியில் வந்தது என்று விசாரிக்கவில்லை. படைப்புரிமையும் வணிகப் பெயரும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகளே; அவற்றில் அத்துமீறல் கூடாது என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை தீர்மானித்தது. “பெரிய கம்பெனிக்கு என்ன நட்டம்?” என்பது மார்க்கம் ஏற்கும் வாதமன்று. கட்டற்ற மென்பொருள் காசின்றிக் கிடைக்கையில், வறுமையும் சாக்காகாது.

மார்க்கத்தைத் தொட்டதால் இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டதை நாம் அறிவோம். நிலத்தை விற்கலாகாது, அன்பளிப்பாக்கலாகாது, வாரிசுகள் பங்கிடலாகாது. பலன் மட்டும் தேவையுடையோருக்குப் போய்ச் சேரும் என்று அது வக்ஃபு ஆயிற்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து, 1989இல் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தை எழுதினார். அதன்படி மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுப்பவர் அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். தனக்கென்று பூட்டிக்கொள்ள முடியாது. ஸ்டால்மன் எந்த மதத்தையும் ஏற்காதவர். வக்ஃபு என்பதோ இறைவனுக்காகச் செய்யும் நற்செயல். எனவே ஒப்புமை நிபந்தனையோடு நிற்கிறது. அந்த நிபந்தனையை உலகில் யாரையும்விட விரைவாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

மாறாக, மேடைதோறும் அல்-குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லி மகிழ்கிறோம். அல்காரிதம் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது என்று கைதட்டு வாங்குகிறோம். அவருடைய நூல்கள் பூட்டப்பட்டிருந்தால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றிருக்குமா என்று மட்டும் யோசிப்பதில்லை.

“லினக்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆண்ட்ராய்டு ஃபோனின் கருவும் லினக்ஸ்தான். இணையத்தின் சர்வர்களில் பெரும்பகுதி ஓடுவதும் அதில்தான். ஒரகடத்தில் ரெனோவும் டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் வெளியே அனுப்பும் வண்டி ஒவ்வொன்றிலும் இன்று மென்பொருள் இருக்கிறது. நம் மெக்கானிக் சகோதரர்கள், ஸ்கேனர் கருவி வாங்காமல் பழுது பார்க்க இயலாத நிலைக்கு வந்துவிட்டார்கள். அண்டை மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளில் நடக்கத் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆகின்றன. அங்குள்ள பிள்ளைகள் எவரும் அதனால் வேலையிழக்கவில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. நல்லது. அங்கே தங்கும் பிள்ளைக்கு ஷிஃப்ட் முடிந்த பின் ஒரு மணி நேரம் கிடைத்தால், கையிலெடுக்க ஒரு பழைய மடிக்கணினியும் தமிழில் ஒரு பாடமும் இருக்கிறதா என்பதே நம் கவலை.

பாடத்துக்குக் குறைவில்லை. கணியம் குழுவினர் லினக்ஸ், பைத்தான் முதலியவற்றைப் பற்றித் தமிழில் எழுதி இலவசமாகவே வெளியிட்டு வருகின்றனர். காஞ்சிபுரத்திலேயே லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. கணினிக்கும் குறைவில்லை: 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகள் வீடுதோறும் அலமாரிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 4 ஜிபி நினைவகம் இருந்தாலே அவற்றில் லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும்.

வரும் கோடை விடுமுறையில் மக்தப் வகுப்பு முடிந்தபின் அதே கூடத்தில், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம் வகுத்து, இந்தக் கணினிகளைக் கொண்டு வகுப்பு நடத்தலாம். நடத்த முன்வரும் இளைஞர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நான்கு மேசைகளும் மின் இணைப்பும்தான். ஜமாஅத் நிர்வாகிகள் இதற்கு நிதி தேடி அலையவேண்டாம். பள்ளிவாசல் அலுவலகத்தில் சந்தாக் கணக்கு எழுதும் கணினியிலிருந்தே தொடங்கட்டும். அதில் இப்போது ஓடும் விண்டோஸுக்கு ரசீது இருக்கிறதா என்று இந்த வாரம் பார்த்துச் சொல்லட்டும்.