லஸ் கார்னர் போய்க் கேளு!

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு அருகே பூ விற்கும் அம்மாவிடம் வழி கேட்டுப் பாருங்கள். சித்திரக்குளம், கச்சேரி ரோடு, முண்டகக்கண்ணியம்மன் கோயில் என்றால் திருப்பம் திருப்பமாகச் சொல்வார். செங்கல்பட்டு என்றால்? “லஸ் கார்னர் போய்க் கேளு தம்பி!”

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் இந்த அம்மாவுக்கு ‘ஸ்டப் ஏரியா’ என்று பெயர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜவுளிக்கடைக்கு நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமைக் கடை தி.நகரில், கிளைகள் மயிலாப்பூரிலும் அடையாறிலும். ரௌட்டர்கள் தங்களுக்குள் பாதை சொல்லிக்கொள்ள ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறை. 1989-ல் முதல் வடிவம் வந்தது. ஜான் மோய் 1998-ல் எழுதிய ஆவணம்தான் பதிப்பு 2-க்கு இன்றைக்கும் அடிப்படை. இதில் ஒரு ஏரியாவுக்குள் இருக்கும் ஒவ்வொரு ரௌட்டரும் அந்த ஏரியாவின் முழு வரைபடத்தையும் வைத்திருக்கும். போதாததற்கு, வெளி நெட்வொர்க்குகளின் பாதைகளும் வந்து குவியும்.

தி.நகர்தான் ஏரியா 0, முதுகெலும்பு. மயிலாப்பூரில் இருந்ததோ இரண்டு பழைய ரௌட்டர்கள். இத்தனை பாதைகளைச் சுமக்க மெமரி போதவில்லை. அங்கிருந்து வெளியே போக ஒரே வாசல்தான், எதற்கு ஊர் முழுக்க வழி? ஸ்டப் ஆக்கிவிட முடிவு செய்தேன். அப்படிச் செய்தால் எல்லையில் நிற்கும் தி.நகர் ரௌட்டர் வெளிப்பாதைகளை உள்ளே விடாது. ‘தெரியாததையெல்லாம் என்னிடம் அனுப்பு’ என்று ஒரே ஒரு பாதையைக் கொடுக்கும். அந்த எல்லை ரௌட்டரில் மட்டும் ‘நோ-சம்மரி’ என்று சேர்த்தால் அடையாறு பாதைகளும் நின்றுவிடும். அது ‘டோட்டலி ஸ்டப்’. (உங்கள் வீட்டு வைஃபை பெட்டியும் ஏறக்குறைய இந்தப் பூக்கார அம்மாதான்.)

இரவு வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் ஆடித் தள்ளுபடிச் சனிக்கிழமை. மயிலாப்பூர் மாடியில் பில்லிங் நின்றுவிட்டது. பட்டுப்புடவையும் கையுமாக வரிசை படிக்கட்டு வரை. கேபிளை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம். விளக்குகள் எல்லாம் பச்சை! பக்கத்து ரௌட்டருக்குப் பிங்கும் போகிறது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. தி.நகரிலும் கீழ்த்தளத்திலும் ‘ஸ்டப்’ போட்ட நான், மாடி ரௌட்டரில் போட மறந்திருக்கிறேன். ரௌட்டர்கள் அனுப்பும் ‘ஹலோ’வில் இதற்கென்றே ஒரு குறி உண்டு. இரு பக்கமும் அது ஒத்துப்போகாவிட்டால் கம்பி நன்றாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரோடு ‘டூ’தான். ஒரு வரி சேர்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் பில் ஓடியது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மோர் கொடுத்தார், அதுதான் உறுத்தியது.

அடையாறில் இதே வைத்தியம் செல்லாது. அந்தக் கிளைக்குக் கிடங்கோடு தனி லைன் உண்டு. ஸ்டப் ஏரியாவுக்குள்ளிருந்து அப்படிப்பட்ட வெளிப்பாதையை அறிவிக்க முடியாது. இதற்காகவே 1994-ல் ‘என்.எஸ்.எஸ்.ஏ.’ என்ற வகை வந்தது. அடையாறு தன் பாதையை டைப் 7 என்று சொல்லும். எல்லை ரௌட்டர் அதை டைப் 5 ஆக மாற்றி மற்றவர்களுக்குச் சொல்லும். ஒன்று, சிஸ்கோ ரௌட்டரில் வெறும் என்.எஸ்.எஸ்.ஏ. என்று போட்டால் அந்த ‘என்னிடம் அனுப்பு’ பாதை தானாக வராது. எல்லை ரௌட்டரில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அடையாறில் மாற்றிய அன்று எல்லா ரௌட்டர்களின் பெயரையும் பேப்பரில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.