பொது ஏரியில் புதையல் தேட அனுமதி எதற்கு?

"பொது ஏரிதானே, மெட்டல் டிடெக்டரோடு போய்த் தேட யாரைக் கேட்க வேண்டும்?" அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பலருக்கு இந்த எரிச்சல் உண்டு. ஆனால் கேட்கத்தான் வேண்டும்.

அங்கே 400-க்கும் மேற்பட்ட ஏரி, ஆற்றுத் திட்டங்களை ராணுவப் பொறியாளர் படை நிர்வகிக்கிறது. அதன் விதி ஒன்றும் கொடுமையானது இல்லை. அதற்கென ஒதுக்கிய குளிக்கும் கரைகளிலும், ஏற்கனவே மண்ணைக் கிளறிய இடங்களிலும் தேடலாம். பழம்பொருள் பாதுகாப்புக்காக அதிகாரி தடை போட்டிருந்தால் கூடாது. எந்த இடம் என்பதை ஏரி மேலாளர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். 25 டாலருக்குக் குறைவான, யாருடையது என்று தெரியாத சில்லறைக் காசை எடுத்துக்கொள்ளலாம். மோதிரம் கிடைத்தால்? அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தொலைத்தவர் தேடி வரலாம் அல்லவா!

பழம்பொருள் விஷயம் இன்னும் பெரிது. அணை கட்டியதில் பூர்வகுடிகள் வாழ்ந்த இடங்கள் பல நீரில் மூழ்கின. ஒரு பொருளைத் தோண்டி எடுத்துவிட்டால், அது எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போயே போச்சு. அதனால்தான் 1979-ல் வந்த சட்டப்படி, மத்திய அரசு நிலத்தில் 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது குற்றம்.

குறை ஒன்று உண்டு. தேசியப் பூங்காக்களில் டிடெக்டருக்கே தடை; மாநில, நகரப் பூங்காக்களில் ஊருக்கு ஒரு விதி. சாதாரண ஆள் குழம்பாமல் என்ன செய்வார்? தேடலாமா, எதுவரை தேடலாம் என்று கரையிலேயே ஒரு வரைபடப் பலகை வைக்கட்டும். கேட்பது மக்கள் கடமை என்றால், சொல்வது நிர்வாகத்தின் கடமை.