கோலிடம் கேட்கும் ஆலோசனை



சென்ற வாரம் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் என்னைக் காண வந்தார். மனைவியின் நகையை அடகு வைத்து ஆழ்துளைக் கிணறு போட்டவர். நீரோட்டம் பார்த்தவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் நானூறு அடி துளைத்தும் புழுதியே வந்தது. இப்போது வேறோர் இடம் குறித்திருக்கிறார்கள். “ஐயா, ஒரு தடவை வந்து ஜெபம் பண்ணிக் கொடுங்க, இந்தத் தடவை தப்பாது” என்றார். அவரிடம் சொன்னதை, அவருடைய சம்மதத்தோடு உங்களுக்கும் எழுதுகிறேன்.

இக்கருவிகளை வீட்டிலேயே செய்யலாம். வேப்பங்கவட்டை ஒன்றின் இரு முனைகளையும் வெளிப்புறமாக வளைத்து இறுகப் பிடித்து நடந்தால், ஓரிடத்தில் நுனி தாழும். இரண்டு கம்பிகளை முழங்கைபோல் மடக்கித் தளர்வாகப் பிடித்தால், அவை குறுக்கே வந்து சேரும். பிடித்திருப்பவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கோல் மெய்யாகவே அசைகிறது. ஆனால் அதை அசைப்பது தண்ணீரல்ல, அவருடைய கையே. மனம் ஒன்றை எதிர்பார்க்கும்போது தசைகள் நாம் அறியாமலே சிறிது அசைகின்றன. விறைத்து வளைந்த கவட்டை அந்தச் சிறு அசைவைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கார்ப்பெண்டர் 1852-ல் இத்தகைய அசைவை விளக்கினார்.

ஆகையால் இதில் பிசாசைத் தேட வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்தாலே போதும். மூடியுள்ள ஐந்து வாளிகளில் ஒன்றில் மட்டும் ஒருவர் தண்ணீர் வைத்துவிட்டு அப்பால் போகட்டும். கோல் பிடிப்பவர் வந்து கண்டுபிடிக்கட்டும். இப்படி இருபது முறை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் நான்கு முறையளவு சரியாக வரும். கோல் அதைவிட எவ்வளவு மேலானது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

“பலருக்குத் தண்ணீர் கிடைத்ததே” என்பீர்கள். தாமிரபரணிக் கரையின் வண்டல் நிலத்தில் எங்கே தோண்டினாலும் பெரும்பாலும் ஊற்று உண்டு. அங்கே எந்தத் தேங்காயும் ஜெயிக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பகுதிகளில் அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. அங்கே ஆறுகள் ஓடுவதில்லை. பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. நிலத்தில் முளைகளை அடித்து மின்சாரம் செலுத்தி, நிலத்தின் மின்தடையை அளக்கும் முறை உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையினர் கட்டணம் பெற்று இதைச் செய்கிறார்கள். அதுவும் முழு உறுதி தராது. ஆயினும் அது கையை அல்ல, நிலத்தை அளக்கிறது. அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தைக் கேட்டறிவதும் ஞானமே.

கட்டையினிடத்தில் ஆலோசனை கேட்டு, கோல் செய்தி சொல்லும் என்றிருந்த ஜனத்தைக் குறித்து ஓசியா (4:12) துக்கப்பட்டான். குற்றம் கோலில் இல்லை. விசாரித்து அறிய வேண்டியதை விசாரியாமல், பிள்ளைகளின் அப்பத்தைக் கோலின் நுனியில் தொங்கவிடுவதே குற்றம். அதன்மேல் ஜெபத்தை முத்திரையாகக் குத்துவது அதனிலும் பெரிய குற்றம். தேங்காய் எடுத்த முடிவுக்குக் கர்த்தரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லலாமா?

ஈசாக்கைப் பாருங்கள் (ஆதியாகமம் 26). தன் தகப்பன் நாளில் வெட்டப்பட்டுத் தூர்ந்துபோன துரவுகளை அவன் மறுபடியும் தோண்டினான். வாக்குவாதம் வந்தபோது விலகிப்போய் வேறொன்றை வெட்டினான்; ரெகொபோத் மட்டும் சென்றான். நம் ஊர்களில் தூர்ந்து கிடக்கிற கிணறுகளும் குளங்களும் எத்தனை! ஐப்பசி, கார்த்திகை மழைக்குமுன் அவற்றைத் தூர்வாருவதும் விசுவாசத்தின் கிரியையே.

ஆகாரின் கண்களைத் தேவன் திறந்தபோது அவள் ஒரு துரவைக் கண்டாள். நமக்கும் திறந்த கண்களே வேண்டும். அந்தச் சகோதரர் துளையிடும் வண்டிக்குச் சொன்ன நாளைத் தள்ளிவைத்திருக்கிறார். நிலத்தை அளந்து முடிந்ததும் நான் அவருடைய வயலுக்குப் போய் ஜெபிப்பேன். அந்தக் குடும்பத்தை நீங்களும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் நமக்குத் தெளிந்த புத்தியைத் தந்தருளுவாராக. ஆமென்.