யார் யாரைக் கண்டுபிடித்தது?

ப்ளூஸ் இசை பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு சொல் வந்து நிற்கிறது: ‘கண்டுபிடிக்கப்பட்டார்’. கறுப்பினக் கலைஞர் யாராக இருந்தாலும் அவரை ஒரு வெள்ளை ஆய்வாளர் என்றைக்கோ ‘கண்டுபிடித்திருப்பார்’. அதுவரை அவர் யாருக்குத் தொலைந்து போயிருந்தார்? அவர் வாசிக்க, ஊர் ஆடிக்கொண்டுதானே இருந்தது?

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்த உறவின் உரிமையில்தான் நாங்கள் இதைக் கேட்கிறோம்.

ஜெஸ்ஸி மே ஹெம்ஃபில்லை எத்தனை பேருக்குத் தெரியும்? கிதார் கலைஞர். 1923இல் வட மிசிசிப்பியின் குன்றுப் பகுதியில் பிறந்தவர். தாத்தா சிட் ஹெம்ஃபில் பார்வையற்றவர். பிடில், கிதார், நாணற்குழல், டிரம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தார், கருவிகளைத் தானே செய்தார், குழு நடத்தினார். சிட்டின் மகள்களும் இசைக்காரர்கள். அந்தக் குழுவில் டிரம் அடித்துத்தான் பேத்தி தாளம் கற்றாள். பிற்காலத்தில் கிதார் வாசிக்கும்போதே காலில் ஜால்ராவைக் கட்டிக்கொண்டு தாளத்தையும் அவரே போட்டார்.

இதைத்தான் ‘படிக்காத இயல்பான திறமை’ என்று எழுதுகிறார்கள். ஜெர்மனியில் பாக் குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தால் அது இசைக் கல்வி. மிசிசிப்பியில் தாத்தா பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தால் அது மட்டும் ரத்தத்தில் ஊறியதாம்! உழைப்பை ரத்தத்தின் கணக்கில் எழுதும் தந்திரம் எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

சிட்டை 1942இல் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தார். அந்த நாட்களில் மிசிசிப்பி ஆய்வில் லோமாக்ஸோடு வேலை செய்தவர்கள் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின அறிஞர்கள்: இசையறிஞர் ஜான் வொர்க், சமூகவியலாளர் லூயிஸ் ஜோன்ஸ், மாணவர் சாமுவேல் ஆடம்ஸ். லோமாக்ஸின் புத்தகம் 1993இல் வந்து புகழ்பெற்றது. இந்த மூவரும் எழுதியவை புத்தகமானது 2005இல்! சமூகவியல் படித்த எங்களுக்கு வகுப்பில் யாரும் இதைச் சொன்னதில்லை.

ஜெஸ்ஸி மேயின் முதல் முழு இசைத்தட்டு ‘ஷீ-உல்ஃப்’ 1981இல் வந்தது. வெளியிட்டது பிரெஞ்சு நிறுவனம். அப்போது அவருக்கு வயது 57ஐத் தாண்டிவிட்டது. அவரைப் பதிவு செய்த பேராசிரியர் டேவிட் எவன்ஸின் வேலையை நாங்கள் குறைக்கவில்லை. அது இல்லாவிட்டால் இந்தக் குரல் எங்கள் காது வரை வந்திருக்காது. ஆனால் அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டு உழைப்புக்கு யார் கூலி கொடுத்தார்கள்? 1935இல் அமெரிக்கா சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தியது. தென் மாநிலங்களில் அந்த வேலைகளைச் செய்தவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமா? சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல்லே தேவைப்படவில்லை.

1987, 1988 இரண்டு ஆண்டும் அவருக்கு ஹேண்டி விருது. ஐரோப்பிய மேடைகள். 1993இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. கிதாரின் நரம்பை அழுத்தும் கை அது. அதன்பின் செனடோபியாவில் ஒரு டிரெய்லர் வீட்டில் இருந்தார். விருது கொடுத்த உலகம் அடுத்த ‘கண்டுபிடிப்பை’த் தேடிப் போய்விட்டது.

2004இல் பக்திப் பாடல்களின் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் கிதார் வாசிக்க முடியாத ஜெஸ்ஸி மே ஜால்ரா தட்டிப் பாடுகிறார். 2006இல் மெம்ஃபிஸில் இறந்தார்.

இனி அவர் இசைத்தட்டின் உறையில் எழுதுகிறவர்கள், ‘கண்டுபிடிக்கப்பட்டவர்’ என்பதை அடித்துவிட்டு ‘சிட் ஹெம்ஃபில்லிடம் பயின்றவர்’ என்று போடட்டும்.